அமெரிக்கா சாத்திய கதவு

லண்டனுக்கு வடக்கே, ஒரு குன்றின் மேல் இருக்கிறது மஸ்வெல் ஹில். பாதாள ரயில் இங்கே வராது. ஈஸ்ட் ஃபின்ச்லி நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும், அல்லது பஸ் பிடிக்க வேண்டும். செங்கல் வீடுகள், கடைத்தெரு, சற்றுத் தள்ளி 1936இல் பி.பி.சி. தன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய அலெக்ஸாண்ட்ரா அரண்மனை. லண்டனைப் பார்க்க வருபவர்களின் பட்டியலில் இடம்பெறும் ஊரல்ல இது. ஆனால் பீட்டில்ஸுக்கு லிவர்பூல் எப்படியோ, அப்படித்தான் 'கிங்க்ஸ்' குழுவுக்கு இந்தப் பேட்டை.

இங்குள்ள ஃபோர்ட்டிஸ் கிரீன் சாலையில், டென்மார்க் டெரஸ் என்ற வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள் ரே டேவிஸும் டேவ் டேவிஸும். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஆறு அக்காக்களுக்குப் பிறகு பிறந்த தம்பிகள் இவர்கள். சனிக்கிழமை இரவானால் முன்னறைப் பியானோவைச் சுற்றி உற்றார் உறவினர் கூடிப் பாடுவார்கள். 1957இல் ரேயின் 13ஆவது பிறந்த நாளுக்கு ஸ்பானிஷ் கிதார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார் அக்கா ரெனே. இதய நோயாளியான அவர் அன்றிரவே நடன அரங்கில் ஆடிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்து இறந்தார். கொண்டாட்டமும் துக்கமும் கலந்த தொனி ரேயின் பாடல்களில் கடைசிவரை விலகவில்லை.

சகோதரர்கள் முதலில் கிதார் வாசித்துப் பாடியது அதே சாலையில் இருந்த கிளிசோல்ட் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடையில். பள்ளித் தோழர் பீட் குவைஃப், டிரம்மர் மிக் ஏவரி சேர்ந்ததும் குழு முழுமையானது. 1964இல் வந்த முதல் இரண்டு இசைத்தட்டுகளும் விலைபோகவில்லை. மூன்றாவதுக்கு முன் டேவ் ஒரு காரியம் செய்திருந்தார். தன் சிறிய ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கரை பிளேடால் கீறிவிட்டார். கிதாரிலிருந்து கரகரவென்று, கோபம் கொண்டது போல ஓசை எழுந்தது. அந்த ஓசையோடு வந்த 'யூ ரியலி காட் மீ' செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

1965 ஜனவரியில் ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் தங்கினார்கள். விடியற்காலையில் மீனவர்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போவதைக் கேட்டார் ரே. அந்தக் குரல்களின் சாயலில் அவர் எழுதிய 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்' ஜூலையில் வந்தது. சிதார் கிடையாது, கிதாரிலேயே தம்புரா போல ஒரே சுருதி இழையும். பீட்டில்ஸ் பாட்டில் சிதார் ஒலித்தது அதன் பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில்தான்.

அதே ஆண்டு கோடையில் விழுந்தது அடி. மேடையிலேயே அடித்துக்கொள்ளும் குழு என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்கப் பயணத்தில் தகராறுகள் முற்ற, அங்குள்ள இசைக் கலைஞர்கள் சங்கம் இவர்களுக்கு அனுமதி மறுத்துவிட்டது. தடை 1969 வரை நீடித்தது. மற்ற பிரிட்டிஷ் குழுக்கள் அமெரிக்காவில் பணமும் புகழும் அள்ளிய நான்கு வருடங்கள் அவை. போனது போனதுதான். 1966இல் ரே மனமுடைந்து படுத்தே விட்டார்.

எழுந்தபோது அவர் பார்த்தது சொந்த ஊரை. வரி கட்டியே ஓட்டாண்டியான கனவானைக் கேலி செய்யும் 'சன்னி ஆஃப்டர்நூன்' அந்த ஆண்டே முதலிடம் பெற்றது. 1967இல் வந்தது 'வாட்டர்லூ சன்செட்'. லிவர்பூலின் அஸ்தமனத்தைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தார் ரே. பீட்டில்ஸ் தங்கள் ஊரைப் பாடிவிடவே, தனக்குத் தெரிந்த ஆற்றங்கரைக்கு வந்தார். சிறு வயதில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கிடந்தபோது நர்சுகள் அவரைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு வந்து தேம்ஸைக் காட்டியிருக்கிறார்கள். ரயிலைப் பிடிக்க ஜனங்கள் முண்டியடிக்கும் ஒரு நிலையம் அந்தப் பாட்டில் காதலர்கள் சந்திக்கும் இடமாகிறது. ஜன்னலருகே ஒருவன் அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த ஆண்டு, கிராமத்துப் புல்வெளியையும் பழைய புகைப்படங்களையும் நீராவி ரயிலையும் பாடும் 'வில்லேஜ் கிரீன்' ஆல்பம் வெளியானது. தேதி 1968 நவம்பர் 22. பீட்டில்ஸின் இரட்டை ஆல்பம் வந்ததும் அன்றுதான். புரட்சி பேசிய காலத்தில் புல்வெளியைக் கேட்க ஆளில்லை. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது எட்டியே பார்க்கவில்லை. அதற்குத் தங்கத்தட்டு கிடைத்தது 2018இல், 50 ஆண்டுகள் கழித்து.

அமெரிக்கா திறந்தே இருந்திருந்தால் இந்தப் பாடல்கள் பிறந்திருக்குமா? ஹோட்டல் அறைகளையும் விமான நிலையங்களையும் பற்றிப் பாடியிருக்கக்கூடும். இழந்த நான்கு வருடங்களுக்கு ஈடு உண்டா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். லாபம் லண்டனுக்கு. 2012இல் லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவுக்குக் கறுப்பு டாக்ஸியில் வந்திறங்கிய ரே பாடியது 'வாட்டர்லூ சன்செட்'டைத்தான்.

லண்டன் போகிறவர்கள் ஒரு மாலை வாட்டர்லூ பாலத்தில் நிற்கலாம். கிழக்கே செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம், மேற்கே நாடாளுமன்றம், கீழே அழுக்கு நிற ஆறு. நுழைவுக் கட்டணம் கிடையாது. நெரிசல் மட்டும் அன்று போலவே உண்டு.