உழவுக்காட்டுக் கற்கள்

காங்கேயம், படியூர்ப் பக்கம் மழை விட்ட மறுநாள் உழவுக்காட்டில் தலையைக் குனிந்தபடி நடப்பவர்களைப் பார்க்கலாம். செம்மண் கழுவப்பட்ட கல், வெயில் பட்டதும் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப் பொறுக்கிய பையோடு ஒரு விவசாயி வந்தபோது, பட்டை தீட்டும் பெரியவர் ஒருவரின் பட்டறையில் நானும் இருந்தேன்.

பெரியவர் சக்கரத்தை நிறுத்தினார். கற்களை அலசி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பினார். உடைந்த முகத்தில் சிப்பி ஓடு போல் வளைவுகள் இருந்தால் கண்ணாடிதான் என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். குவார்ட்ஸ் எனப்படும் படிகமும் அப்படித்தான் உடையும். அவர் லென்ஸை வைத்து உள்ளே பார்த்தார்.

"உருண்டை உருண்டையாக் கொப்புளம் இருந்தா கண்ணாடிங்க. கல்லுக்குள்ள வெடிப்பு, நரம்புதான் தெரியும்."

பிறகு கல்லின் ஓரத்தால் கண்ணாடித் துண்டில் கீறினார். மோஸ் அளவில் ஜன்னல் கண்ணாடியின் கடினம் சுமார் 5.5, படிகம் 7, பெரில் என்ற மணிக்கல் 7.5 முதல் 8. படிகமும் பெரிலும் கண்ணாடியைக் கீறிவிடும். எடை போட்டும் இரண்டையும் எளிதில் பிரிக்க முடியாது. ஒப்படர்த்தி படிகத்துக்கு 2.65, பெரிலுக்கு 2.7 அளவில். கைகொடுப்பவை முகத்தில் ஓடும் வரிகள். ஆறு பட்டையுள்ள பெரிலில் அவை நீளவாக்கில் ஓடும், நுனி பெரும்பாலும் தட்டையாக முடியும். படிகத்தில் குறுக்கே ஓடும், நுனி கூம்பும். உருண்டு மழுங்கிய துண்டென்றால் ஒரு முகத்தைத் தீட்டி ஒளிவிலகலை அளந்துவிடலாம்: படிகம் 1.55, பெரில் 1.57க்கு மேல்.

படியூரின் வெளிர்நீலப் பெரிலை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் தோண்டி எடுத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே ரோமானியரான பிளினி இந்தியப் பெரிலையும் அதன் ஆறு பட்டையையும் எழுதியிருக்கிறார். நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பெரில், படிகம், நீலக்கல் மணிகளோடு அவற்றைச் செய்த இடத்தின் கழிவுகளும் கிடைத்தன. தீட்டும் தொழிலுக்கு இந்த மண்ணில் அத்தனை வயது.

தொழிலாளிக்கு ஆபத்தும் பழையதுதான். படிகத் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும். சக்கரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். கல்லுக்கு விலை பேசுகிறவர்கள் இதையும் கூலியில் சேர்த்துப் பேச வேண்டும் என்பேன்.

பையில் பெரும்பாலும் படிகம். கரும்பச்சையாக, கொப்புளத்தோடு இருந்த ஒரு கட்டியைப் பெரியவர் ஒதுக்கினார்.

"இது கல்லே இல்லீங்க. இரும்பு உலை கக்குன கசடு."

விவசாயிக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ அதுதான் பையிலேயே பெரிய பொருள். கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும் உண்டு. கசடு கிடக்கும் காட்டில் உலையும் இருந்திருக்கலாம். எடுத்த இடம் தெரியாத கசடு ஆய்வாளருக்கு அதிகம் உதவாது.

"இன்னும் அங்க கெடக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"வரப்போரம் நெறையக் கெடக்குதுங்க."

இனி அதை எடுக்க வேண்டாம், கிடக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தொல்லியல் துறைக்குச் சொல்லலாம் என்றேன். எந்தக் காடு, கிணற்றுக்கு எந்தத் திசை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.