ஏலத்தில் மீண்ட இசை

பெரும்புகழ் எய்தாத இசைக்குழுக்களுள் என் உள்ளம் கவர்ந்தது, அமெரிக்காவின் பாஸ்டன் நகர வட்டாரத்தில் 1987-இல் தோன்றிய 'கேலக்ஸி 500'. நண்பர் ஒருவருடைய காரின் பெயரையே அம்மூவரும் தம் குழுவுக்குச் சூட்டினர். கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ், கருவிகள் இவ்வளவே. 'டுடே' (1988), 'ஆன் ஃபயர்' (1989), 'திஸ் இஸ் அவர் மியூசிக்' (1990) என ஆண்டுக்கொன்றாக மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. விரைவறியாத தாளம், தழுதழுத்து உயரும் டீன் வேரமின் குரல். சோகம் உண்டு, புலம்பல் இல்லை.

1991-இல் குழு கலைந்தது. அவ்வாண்டே அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமும் நொடித்தது. மூல ஒலிநாடாக்கள் ஏலத்துக்கு வந்தன. டிரம்ஸ் வாசித்த டேமன் க்ருகாவ்ஸ்கியும் பேஸ் வாசித்த நவோமி யாங்கும் தம் இசையைத் தாமே விலைகொடுத்து மீட்டனர். அதனாலன்றோ 1996-இல் அப்பாடல்கள் ஒரு தொகுப்பாக மீண்டும் வெளிவந்தன!

அலுவலகத்தில் கழிக்கப்பட்ட பொருள்களுக்கு ஏலப் பட்டியல் எழுதுபவன் நான். 'மதிப்பு' என்ற பத்தியில் ஓர் எண்ணைக் குறித்ததும் பொருளின் கதை முடிந்துவிடும். ஆக்கியவரே வந்து கேட்கும் ஏலத்தை நான் கண்டதில்லை. தில்லியின் பனிக்கால இரவுகளில் அம்மெல்லிசையைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பத்தியில் எந்த எண்ணைத்தான் எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. பேனா ஓடுவதில்லை.