பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு பை

காலை ஏழு மணியளவில் மீஞ்சூர்க் கடைத்தெருவில் நின்று, அத்திப்பட்டுக்கும் காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் வேலைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிள்களைச் சற்று உற்று நோக்குவோமாயின், நம் மக்கள் தங்கள் சுமையை வண்டியின் எந்தெந்த உறுப்பிலெல்லாம் ஏற்றுகின்றனர் என்பதற்கு ஓர் அகராதியே கிடைத்துவிடும். ஹேண்டில்பாரின் இடப்பக்கம் சோற்றுக் கேரியர் அடங்கிய மஞ்சள் பை. வலப்பக்கம் தண்ணீர் பாட்டில். முதுகில் மாணவர் சுமப்பது போன்றதொரு பை. பின்னிருக்கையில் கயிற்றால் கட்டிய கருவிப் பெட்டி. டேங்கின் மேலோ, போகிற வழியில் பள்ளியில் இறக்கிவிடப்பட வேண்டிய பிள்ளை.

இத்தகைய சிறு பொருளைக் குறித்து இப்பக்கங்களில் எழுதுவதா என்று வாசக அன்பர் சிலர் வியக்கலாம். திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டிச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அன்றாடம் வண்டியோட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை என்பதையும், சாலையில் மாண்டோரை அடக்கம் செய்யும் கடமை பங்குத்தந்தையருக்கு எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதையும் அறிந்தவர் அவ்வாறு வியக்கமாட்டார். சுமையை எங்கே வைப்பது என்பது இச்சாலையில் சிறு கேள்வியன்று.

முதலில் ஹேண்டில்பாரைப் பற்றி. அது வண்டியைத் திருப்புவதற்கென அமைந்த உறுப்பேயன்றிச் சுமை தாங்குவதற்கன்று. அதில் தொங்கும் இரண்டு கிலோ கேரியர் ஒவ்வொரு பள்ளத்திலும் ஊசலாடி, கையின் கட்டளைக்கு எதிராகத் தானும் ஒரு கட்டளை இடுகிறது. திரும்பும்போது பையின் அடிப்பகுதி முன்சக்கரத்தை நோக்கிச் சாய்கிறது. பையின் காது கம்பிகளுக்கிடையே சிக்கிக்கொண்டால் முன்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஓட்டுபவர் செய்வதற்கு ஒன்றும் இராது. பிளாஸ்டிக்கை ஒழிக்கும் நோக்குடன் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழக அரசு மஞ்சப்பையை மீண்டும் நம் கைகளில் தந்தது, வரவேற்கத்தக்க செயலே. அது தொங்கவேண்டிய இடம் தோளேயன்றி ஹேண்டில்பார் அன்று.

முதுகுப் பை இதனினும் மேலானது. ஆயினும் அதற்கும் குறை உண்டு. சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பத்துக் கிலோமீட்டர் கடந்தால் தோள் வலிக்கிறது. கீழே விழ நேர்ந்தால் அப்பையிலுள்ள பூட்டும் ஸ்பானரும் முதுகெலும்பில் மோதுகின்றன.

எஞ்சியிருப்பது டேங்கின் மேற்புறம். அவ்விடம் இரு சக்கரங்களுக்கும் நடுவே, ஓட்டுபவரின் இரு முழங்கால்களுக்கும் இடையே அமைந்துள்ளமையால், அங்கே வைக்கும் சுமை வண்டியின் சமநிலையை மிகக் குறைவாகவே குலைக்கிறது. வைத்த பொருள் கண்முன்னே இருப்பதும் ஒரு நன்மை; பின்னால் கட்டிய மூட்டை எந்தத் திருப்பத்தில் விழுந்தது என்று தேடித் திரும்பி ஓடுவோரை நாம் பலமுறை கண்டதுண்டு.

இது மேலைநாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என எண்ணவேண்டியதில்லை. டேங்க் முழுவதையும் போர்த்தும் கறுப்பு ரெக்ஸின் உறையும், அதன் மேற்புறத்தில் மூடியுடன் தைத்த சட்டைப்பை போன்ற சிறு பையும் ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு நினைவிருக்கும். ஆர்.சி. புத்தகமும் இன்ஷூரன்ஸ் தாளும் துடைக்கும் துணியும் அதற்குள் வாழ்ந்தன. இப்பகுதி மக்களுக்கு மோட்டார் சைக்கிளோடு உறவும் நெடியது: இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் இணைந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கித் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளை உருவாக்கின. அந்நிறுவனம் 2013-இல் ஒரகடத்திலும் பெரிய ஆலை ஒன்றைத் திறந்தது. எனவே இன்று கடைகளில் விற்கும் டேங்க் பை, அந்தப் பழைய ரெக்ஸின் உறையின் பேரப்பிள்ளை எனலாம். பேரப்பிள்ளைக்குப் பாட்டனாரைவிட வயிறு சற்றுப் பெரிது, அவ்வளவே.

தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி, அதைப் பிணைத்து வைப்பது காந்தமா, வாரா என்பதாகும். காந்தம் வைத்த பை வசதியானது; வைத்தால் ஒட்டும், இழுத்தால் வரும். ஆயினும் டேங்க் இரும்புத் தகடாக இருந்தாலன்றி அது ஒட்டாது. அலுமினிய டேங்குகளும், இரும்பு டேங்கின்மேல் அழகுக்காகப் பிளாஸ்டிக் உறையிட்ட வண்டிகளும் இன்று பெருகிவிட்டன. ஆகவே கடைக்குச் செல்லுமுன் வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு சிறு காந்தத்தை டேங்கின் பல இடங்களில் வைத்துப் பார்த்துவிடுவது நலம்.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு தடையும் உண்டு. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல், செப்பாக்கத்தருகே உள்ள சாம்பல் குளத்திலிருந்து காற்றில் கிளம்பி நம் வாசல்களிலும் வண்டிகளிலும் படிவதை அறியாதார் இல்லை. நிலக்கரிச் சாம்பலில் நுண்ணிய இரும்பு ஆக்சைடு மணிகளும் கலந்திருக்கும். அவை காந்தத்தால் ஈர்க்கப்படுவன. பையின் அடியிலுள்ள காந்தம் அவற்றையும் லாரிகள் உதிர்க்கும் இரும்புத் துருவையும் நாள்தோறும் சேர்த்துக்கொண்டு, வண்டி அதிரும்போதெல்லாம் டேங்கின் வண்ணத்தைத் தேய்க்கும். வேறு ஊரில் ஆறு மாதத்தில் நேரும் கீறல் இங்கே ஒரே மாதத்தில் நேரலாம். ஆதலால் மீஞ்சூர், எண்ணூர்ப் பகுதியினர்க்கு வார் வைத்த பையே ஏற்றது என்பது எமது கருத்து. காந்தம்தான் வேண்டுமென்பார், நாள்தோறும் ஈரத்துணியால் பையின் அடியையும் டேங்கையும் துடைத்தாக வேண்டும். காந்தப்பட்டை ஒட்டிய வங்கிப் பாஸ்புக்கை அப்பையில் வைப்பதும் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தப் பையைத் தவிர்ப்பதே நன்று. அப்பையின்மீது குனிந்து எதையேனும் எடுக்கும்போது காந்தம் மார்பை நெருங்கிவிடுகிறது.

வார்ப் பையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. முன் வார் ஹேண்டில்பாரைச் சுற்றாமல், அதன் கீழே அசையாத சட்டத்தைச் சுற்ற வேண்டும். பின் வார் சீட்டின் முனைக்கடியில் செல்ல வேண்டும். நம்மூர் வண்டிகளின் டேங்க் பெரும்பாலும் சீட்டை நோக்கிச் சரிந்திருப்பதால், முன் வார் தளர்ந்தால் பை நம் வயிற்றை நோக்கி ஊர்ந்து வரும்.

அளவைப் பொறுத்தவரை, ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் கேன் பிடிக்கும் இடமே அன்றாடத் தேவைக்குப் போதும். இருபது லிட்டர் பையைப் பெருமைக்காக வாங்குவோர் உளர்; இடம் இருந்தால் பொருளும் தானே வந்து நிரம்பும் என்பதை வீடு கட்டியவர் அனைவரும் அறிவர். உயர்ந்த பை வேகமானியை மறைக்கும்; அகன்ற பை முழங்கால்களை விலக்கும்.

பையை நிரப்பியபின் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு; இதைச் செய்யாமல் எவரும் புறப்படலாகாது. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, ஹேண்டில்பாரை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பை இடிக்கக்கூடாது, ஹாரன் பொத்தானை அழுத்தக்கூடாது. பின்னர் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு அதையே மீண்டும் செய்ய வேண்டும். திருப்பும்போது எஞ்சின் ஓசை தானே உயர்ந்தால், பை ஆக்சிலேட்டர் வயரை இழுக்கிறது என்று பொருள். நெடுஞ்சாலையில் நேராகச் செல்கையில் இக்குறை தெரியாது. நிறுத்தி வைத்த இரு லாரிகளுக்கிடையே வண்டியை முழுதாக ஒடித்துத் திருப்பும் வேளையில்தான் அது வெளிப்படும். அதுவே அதற்கு மிகவும் தகாத இடம்.

பழைய வண்டி வைத்திருப்போர் பெட்ரோல் மூடியையும் உற்று நோக்க வேண்டும. பல மூடிகளில் காற்று உள்ளே செல்ல நுண்துளை இருக்கும். ரெக்ஸினோ பையின் அடியோ அதை இறுக அடைத்துவிட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் வண்டி நடுவழியில் நின்றுவிடும். சற்று நேரம் கழித்துத் தானே கிளம்பும். மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழுவுவார், நோய் மட்டும் தீராது. இவ்விடத்தில் பெட்ரோல் வாடையும் ஓயாது கசிவதால், இறுக மூடாத உணவை இப்பையில் வைத்தல் ஆகாது.

கடலுக்கு அண்மையில் வாழ்வோர்க்கு உப்புக் காற்று மற்றுமொரு பகை. உலோக ஜிப் ஓராண்டில் துருவேறிப் பல்லிளித்துவிடும். பிளாஸ்டிக் ஜிப்பே தாங்கும். மழையைத் தாங்கும் என்று கடைக்காரர் கூறும் துணி மழையைத் தாங்கத்தான் செய்கிறது. தையல் ஊசி சென்ற துளைகள் தாங்குவதில்லை. கார்த்திகை மார்கழியில் இங்கே பெய்வது எத்தகைய மழை என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நமக்குக் காட்டியது. பையோடு வரும் மேலுறையை நம்புவதைவிட, தாள்களையும் துணியையும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கட்டுவதே உறுதியானது.

இனி, உள்ளே எதை வைப்பது? விபத்து நேர்ந்தால் ஓட்டுபவரின் உடல் முன்னோக்கிச் சறுக்கி டேங்கில் மோதுகிறது. அடிவயிறும் இடுப்பெலும்பும் முதலில் சந்திப்பது இப்பையையே. ஆகவே எவர்சில்வர் டிபன் பெட்டி, பூட்டு, சங்கிலி, கண்ணாடிக் குப்பி ஆகியவற்றுக்கு இப்பையில் இடமில்லை. அவை பின்னால் கட்டப்பட வேண்டியவை. மழைக்கோட்டு, துண்டு, தாள்கள், மருந்துச் சீட்டு, சிறு டார்ச் போன்ற மென்மையும் இலேசும் உள்ளவை இதற்குரியவை. எடை மூன்று நான்கு கிலோவைத் தாண்டலாகாது.

நோயாளரைச் சந்திக்க இரவில் அழைப்பு வரும்போது நாம் கொண்டு செல்வதும் இவ்விதிக்கு உட்பட்டதே. ஸ்தோலாவும் சடங்கு நூலும் பையில். அர்ச்சிக்கப்பட்ட எண்ணெய் பஞ்சில் ஊறிய சிறு சிமிழாய், துணியில் சுற்றி, பையின் முன்பக்கத்தில். நற்கருணை மட்டும் பைக்குள் செல்வதில்லை. அது சிமிழில் கழுத்துக் கயிற்றோடு மார்பருகே செல்கிறது. இவை ஒவ்வொன்றும் எப்போதும் ஒரே அறையில் இருப்பின், மின்சாரமில்லாத வீட்டிலும் கை தானே தேடி எடுத்துக்கொள்ளும். சாகும் தறுவாயிலுள்ள ஒருவரின் கட்டிலருகே நின்றுகொண்டு பையைக் கவிழ்த்துத் தேடுவது உடனிருப்போர்க்கு எத்துணை துன்பம் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கைப்பேசியைப் பொறுத்தமட்டில் நாம் சற்றுக் கண்டிப்பாகவே பேச விரும்புகிறோம். பல பைகளின் மேற்புறத்தில் அதற்கெனக் கண்ணாடி போன்ற சாளரம் அமைத்து விற்கின்றனர். வழி பார்க்க அது உதவுமாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. நாற்பதடி கண்டெய்னர் ஒன்றின் நீளம் 12 மீட்டரே. டேங்கைக் குனிந்து நோக்கும் ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு கண்டெய்னர் நீளத்தைக் கண்ணின்றிக் கடக்கிறோம். வழி தெரியாதவர் நிறுத்திப் பார்க்கட்டும். அல்லது தேநீர்க் கடையில் கேட்கட்டும். மீஞ்சூரில் வழி கேட்டவர்க்கு வழியோடு உறவும் கிடைக்கும்.

டேங்கின் மேல் அமரும் பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். பையை வாங்கிய தந்தையர் சிலர், பள்ளி நேரத்தில் அதைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை ஏற்றுகின்றனர். மேலே கூறிய மோதலில் ஓட்டுபவரின் உடலுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே அகப்படுவது அப்பிள்ளைதான். பை அங்கேயே இருக்கட்டும். பிள்ளை தலைக்கவசத்துடன் பின்னால் அமரட்டும். கால் எட்டாத சிறு பிள்ளையாயின், தாயோ தந்தையோ நடத்தியோ பேருந்திலோ அழைத்துச் செல்லட்டும்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் இப்பைகள் பலவகை கிடைக்கின்றன. அத்துணை தொலைவு செல்ல இயலாதவர், சீட் உறை தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் தம் வண்டியையே கொண்டுபோய் நிறுத்தித் தைத்துக்கொள்ளலாம். அளவு பிசகாது, கூலியும் நம்மூரிலேயே தங்கும். வார்களின் கொக்கி ஒரே கையால் கழலுமாறும், தூக்கிச் செல்ல மேலே ஒரு பிடி இருக்குமாறும் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் போடும்போது அதைக் கழற்றியாக வேண்டும். வண்டியைத் தெருமுனையில் விட்டு எந்த வீட்டிற்குள் சென்றாலும், அது நம் கையோடு வரவேண்டும்.