பானெட் ஆறியிருக்க வேண்டும்

தங்கை மகனுக்கு இது முதல் கார். முடிச்சூரில் ஒரு 2013 ஸ்விஃப்ட் டீசல் இருந்தது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ரூ.3.20 லட்சம் கேட்டார்கள். நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவைத்தோம். விடிந்ததும் போய் இறங்கியபோது, கூட வந்த மெக்கானிக் முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. "நல்லது சார், பார்த்துரலாம்" என்றார்.

ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் இது. 2007-ல் ஸ்விஃப்ட்டுக்கு வந்தது. டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல வண்டிகளை ஓட்டியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனால் இத்தனை வண்டிகள் சாலையில் இருப்பதால் பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்லை. எந்தத் தெரு மெக்கானிக்குக்கும் கை பழகிய எஞ்சின். பழைய வண்டி வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய பலம் இல்லை.

முடிச்சூர் மூழ்கிய 2015 டிசம்பர் வெள்ளம் மனசில் இருந்தது. மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். கால் மிதிக்கும் கார்பெட்டைத் தூக்கினார், சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் டார்ச் அடித்தார். துரு இல்லை. தண்ணீரில் நின்ற வண்டிக்கு வயரிங் கோளாறு வருஷம் கழித்தும் வரும். அதற்குச் செலவுக் கணக்கே போட முடியாது.

அடுத்து ஸ்டார்ட். சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் ஓரத்திலிருந்து 'கரகர'வென்று ஒரு சத்தம் எழுந்து, இரண்டு மூன்று விநாடியில் அடங்கியது. வண்டி சூடாக இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்கவே மாட்டோம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அந்த அழுத்தம் ஏறுவதற்குள், நீண்டுபோன செயின் தளர்ந்து அடிக்கிறது. செயின் பல் தாண்டிவிட்டால் வால்வு பிஸ்டனில் மோதி, ராக்கர்கள் உடைந்து, ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.

உரிமையாளர் நல்ல மனிதர். பில்களை மறைக்காமல் காட்டினார். 70,000 கிலோமீட்டர் வரை ஒழுங்காக ஆயில் மாற்றியிருக்கிறார். அப்புறம் ஒரு பில்லும் இல்லை. "செயின் வண்டிதானே, பெல்ட் மாதிரி மாத்த வேண்டியதில்லைன்னாங்க" என்றார். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு, செயினுக்கு ஆயில்தான் கணக்கு. மூன்று லிட்டர் சொச்சம் ஆயிலை நேரத்துக்கு மாற்றாததன் விலையைத்தான் அந்தக் காலையில் காதால் கேட்டோம்.

ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்ததில் புகை தள்ளவில்லை, அதாவது பேக் கம்ப்ரஷன் இல்லை. ஸ்கேனரில் இன்ஜெக்டர்களும் தேறின. பெரிய நிம்மதி. நாலு இன்ஜெக்டரும் போனால் அரை லட்சம் போதாது.

ஓட்டிப் பார்த்தபோது நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறியது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் ஸ்லிப். இந்த எஞ்சினில் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ சரியாக இழுக்காது. அதனால் நெரிசலில் ஓட்டுகிறவர்கள் பாதி கிளட்சிலேயே காலை வைத்து ஓட்டிப் பழகுகிறார்கள். கிளட்ச் தேயாமல் என்ன செய்யும்? வேகத்தடையில் 'டொக்' என்றது லோயர் ஆர்ம் புஷ்.

மெக்கானிக் கணக்குப் போட்டார். கூலியோடு செயின் கிட் ரூ.15,000, கிளட்ச் செட் ரூ.12,000, புஷ்ஷும் லிங்க் ராடும் ரூ.6,000, தேய்ந்திருந்த முன் டயர் இரண்டும் ரூ.9,000. மொத்தம் ரூ.42,000. "வாங்கினா நேரா ஷெட்டுக்குக் கொண்டாந்துரு தம்பி. செயின் மாத்துறவரைக்கும் ஊர் சுத்தாதே" என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

கணக்கை உரிமையாளரிடமே காட்டினோம். ரூ.2.80 லட்சத்துக்குப் படிந்தது. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை. வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் கைக்கு வந்தபிறகே மீதிப் பணம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.