ஒரு வேட்டைத் துவக்கின் கவர்ச்சி

துவக்கு என்னுஞ் சொல் நம்மவர் செவிக்கு இனியதன்று. அதனைத் தலைப்பிற் கண்டமாத்திரத்தே பழைய மாணவர் சிலர் அடுத்த பக்கத்தைப் புரட்டவுங் கூடும். சைவம் வளர்த்த கல்லூரியின் விழா மலரில் வேட்டைக் கருவிக்கு என்ன வேலை என்று வினவுவாரும் உளர். நம் கோயில்களிலே வேட்டைத் திருவிழா இன்றும் நிகழ்கின்றது என்பதை அவர்க்கு நினைவூட்டுகின்றோம். திண்ணனார் வில் பிடித்த விழாவைச் சேக்கிழார் பெருமான் பாடியதை இக்கல்லூரியின் வகுப்பறையிலேதான் யாம் கற்றோம். இன்று வேறு பாடசாலையிற் கற்பித்தும் வருகின்றோம். ஒரு மைந்தன் கையில் முதன்முதல் வில் ஏறும்போது ஊர் ஏன் விழாக் கொண்டாடவேண்டும் என மாணவர் கேட்பதுண்டு. அவ்வினாவை எமக்கு மீண்டும் நினைப்பித்தது கனடாவிலே யாம் கண்ட ஒரு துவக்கு.

எம்மோடு ஒரே வாங்கில் இருந்து பயின்ற நண்பர் ஒருவர் 1998 ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு நீங்கினார். இப்பொழுது ஒன்ராறியோ மாகாணத்திலே, ரொறன்ரோ நகருக்கு வடகிழக்கே, பாரவூர்தி ஓட்டி வாழ்கின்றார். ஆவணி விடுமுறையொன்றில் அவர் இல்லத்தில் யாம் சில வாரங்கள் தங்கினோம். மூன்றாம் நாளிரவு உணவுக்குப்பின் திறவுகோற் கொத்தொன்றை எடுத்துவந்து, படுக்கையறைக்கு அருகில் நின்ற இரும்புப் பெட்டகத்தைத் திறந்தார். உள்ளே ஒரேயொரு துவக்கு இருந்தது. அதில் தோட்டா இல்லையென்பதை இருமுறை நோக்கி, எமக்கும் காட்டியபின்பே நீட்டினார்.

“பிடிச்சுப் பார், மச்சான். வெறுந் துவக்குத்தான்.”

யாம் உடனே கைநீட்டினோமல்லோம். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது, பதினைந்து வயதுச் சிறுவராய், நாவற்குழிப் பாலத்தை மழையிலே கடந்தவர் யாம் இருவரும். எமக்குத் துவக்கென்பது எப்போதும் பிறர் தோளிற் கிடப்பது; அதன் முன்னால் தலைகுனிந்து செல்வதே நாம் பழகியது. அத்தகைய ஒருவர் தம் உழைப்பின் பணத்தை ஈந்து ஒரு துவக்கை விரும்பி வாங்கி வைத்திருத்தல் எமக்கு வியப்பாயிருந்தது. சிறிது கோபமும் வந்தது. ஆயினும் வாங்கிப் பார்த்தோம்.

அது வின்செஸ்ரர் நிறுவனத்தாரின் 1894 ஆம் ஆண்டு மாதிரி. 1964 க்கு முன்னர்ச் செய்யப்பட்டது. அவ்வாண்டிலே செலவைக் குறைத்தற்பொருட்டு உறுப்புக்கள் சிலவற்றின் அமைப்பை மாற்றிவிட்டனர். ஆதலின் அதற்கு முந்தியவற்றையே விரும்புவோர் தேடி வாங்குவர். நீளம் ஒரு யாருக்குச் சற்றுக் கூட. நிறை ஏறக்குறைய 3 கிலோகிராம். யாம் கண்டு அஞ்சிய படைத் துவக்குகளைப்போல அதன் வயிற்றிலிருந்து எதுவுந் தொங்கவில்லை. தோட்டாக்கள் குழலின் கீழுள்ள மற்றொரு குழலிலே ஒன்றன்பின் ஒன்றாய்க் கிடப்பதால், நடுப்பகுதி ஒரு கைக்குள் அடங்கிவிடுகின்றது. மண்வெட்டியைத் தூக்கிச் செல்வதுபோல அதனை ஒரு கையாலே தூக்கி நடக்கலாம்.

விசைவில்லைக் காக்கும் வளையம் பின்னோக்கி நீண்டு, விரல்கள் புகும் கண்ணாக அமைந்துள்ளது. அதுவே நெம்புகோல். அதனைக் கீழே முன்னோக்கித் தள்ளினால் வெந்த தோட்டாவின் வெற்றுக்கோது மேலே துள்ளி விழும். குதிரை பின்சாய்ந்து நிற்கும். மீள இழுத்தால் அடுத்த தோட்டா அறையிற் புகுந்து கதவும் அடைபட்டுவிடும். தள்ளும்போது ஓரொலி, இழுக்கும்போது அதனினுஞ் சற்றுத் தாழ்ந்த ஓரொலி. நண்பர் அதனை இயக்கிக் காட்டியபோது, எம் பாட்டியாரின் பாக்குவெட்டி எம் நினைவுக்கு வந்தது. இரும்போடு இரும்பு நன்றாகப் பொருந்தியிருத்தலை உணரும் கைக்கு ஓர் இன்பமுண்டு. அதனை யாம் மறுத்தற்கில்லை.

இக்கருவியின் வரலாறு சுவையானது. ஒலிவர் வின்செஸ்ரர் என்பார் சட்டை தைத்து விற்ற வணிகர். துவக்குத் தொழில் அறிந்தவரல்லர். கனெற்றிக்கட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் அவர் பொறுப்பேற்ற தொழிலகத்திலே பெஞ்சமின் ரைலர் ஹென்றி என்னும் கம்மியர் 1860 ஆம் ஆண்டில் பதினாறு தோட்டாக் கொள்ளும் துவக்கொன்றிற்குக் காப்புரிமை பெற்றார். வாய்வழியே மருந்திட்டு இடித்து, நிமிடத்திற்கு இரண்டு மூன்று வெடி தீர்த்த காலத்தில் அஃது எத்தகைய மாற்றம் என்பதை, வன்னியிலே இடியன் துவக்கைக் கண்டவர் எளிதில் உணர்வர். 1873 ஆம் ஆண்டு மாதிரியை ‘மேற்றிசையை வென்ற துவக்கு’ என்று பின்னாளில் விளம்பரஞ் செய்தனர். விளம்பரம் உண்மையிற் பாதியையே சொல்லும். 1876 ஆம் ஆண்டிலே மொன்ரானாவில், லிற்றில் பிக்கோண் ஆற்றங்கரையில், கஸ்ரரின் குதிரைப்படையினர் ஒற்றைத் தோட்டாத் துவக்குகளோடு நின்றனர். எதிர்நின்ற லக்கோட்டா, செயென் மக்களுட் பலர் கையிலோ ஹென்றியும் வின்செஸ்ரரும் இருந்தன. 1983 ஆம் ஆண்டிற் புற்றீ ஒன்று அவ்வெளியை எரித்தபின் ஆய்வாளர் அகழ்ந்தெடுத்த கோதுகள் அதற்குச் சான்றாயின. படை அன்று மடிந்தது. ஆயினும் நிலத்தை இழந்தவர் அம்மக்களே. கருவியின் சிறப்பு நிலத்தைக் காத்துத் தாராது என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

நண்பர் கையிலிருந்த மாதிரியை வகுத்தவர் யூற்றா மாநிலத்து ஜோன் மோசஸ் பிறவுணிங். 1895 ஆம் ஆண்டில் அதற்கென வந்த புகையில்லா மருந்துத் தோட்டாவே ‘முப்பது-முப்பது’ என வழங்குவது. முதல் முப்பது குழலின் வாய் அளவு, அங்குலத்தின் நூற்றிலொரு கூற்றாற் கணித்தது. மற்றையது மருந்தின் நிறை, கிறெயின் அளவில். எழுபது இலட்சத்திற்கு மேற்பட்ட துவக்குகள் இம்மாதிரியிற் செய்யப்பட்டன. நியூ ஹேவன் தொழிலகம் 2006 ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

இனி, ஆற்றலை மட்டும் நோக்குவார் இதனை வாங்கார். குழலுக்குள் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னுள்ளதன் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருத்தலால், கூரிய மூக்குடைய ரவையை இடின் அதிர்ச்சியில் முன்னுள்ளது வெடிக்கும் இடருண்டு. ஆகவே ரவையின் மூக்கைத் தட்டையாக்கினர். தட்டை மூக்குக் காற்றோடு பொருது விரைவிழக்கும். எனவே நூற்றைம்பது யாருக்கப்பால் இதனை நம்புவார் இலர். தொலைநோக்கி பூட்டி முந்நூறு யாரில் எய்யும் துவக்குகள் அங்கே மலிந்துகிடக்கின்றன. நண்பர் அவற்றை வேண்டாரானார். மேப்பிளும் சீடரும் மிடைந்த அக்காட்டிலே நூறு யார் தூரம் கண்ணுக்கு எட்டுவதே அரிது என்பது அவர் கூறிய காரணம். கார்த்திகை தோறும், விதிப்படி செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் அணிந்து, பனியில் ஒரு மரத்தடியிற் காத்திருப்பாராம். நான்கு கார்த்திகைகளில் அவர் வீழ்த்தியது ஒரேயொரு வெள்ளைவால் மான். காத்திருத்தலே தமக்குப் பெரிதென்றார். ஊனுண்ணாத எமக்கு அதன் இறைச்சிச் சிறப்பையும் விரித்துரைத்தார். அதனை இங்கு விடுகின்றோம்.

ஆயின், காடுங் கருவியும் மட்டுமே காரணமாகா என்பது பின்னரே எமக்கு வெளிப்பட்டது. அவர் தாய்வழிப் பேரனார் ஒட்டுசுட்டான் பக்கத்திற் கமஞ்செய்தவர். பன்றிக் காவலுக்கென உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துவக்கொன்றை வைத்திருந்தார். ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்து, அதனை ஒரு காணி உறுதிபோலப் பட்டுத்துணியிற் சுற்றி வைப்பாராம். எண்பதுகளிலே ஒருநாள் அது கைவிட்டுப் போயிற்று. கொண்டுசென்றவர் எவர் என்பது இங்கு வேண்டா. அதன்பின் கிழவர் இரவிலே வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பன்றியும் வயலைத் தின்றது. சில ஆண்டுகளில் வயலுமில்லை.

“அங்கை துவக்கு வந்து கதவைத் தட்டினது. இங்கை அது கதவுக்குள்ளை இருக்குது, திறப்பு என்னட்டை இருக்குது,” என்றார் நண்பர். இதற்கு யாம் மறுமொழி கூறவில்லை.

அத்திறப்பும் எளிதில் வந்ததன்று. பாதுகாப்புப் பாடநெறி பயின்று, எழுத்திலும் செய்கையிலும் தேர்வு எழுதி, காத்திருந்து பெற்ற உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். விண்ணப்பத்தில் வாழ்க்கைத் துணையின் கையொப்பத்திற்கும் இடமுண்டு. உரிமம் உடையவர் அருகில் நின்று நெறிப்படுத்தின் இல்லாதவரும் சுடலாம் என்பதனால், ஒரு சனிக்கிழமை எம்மையும் பயிற்சிக்களத்துக்கு அழைத்துச் சென்றார். யாம் ஒரே வெடி தீர்த்தோம். தோள் நொந்தது, அட்டையில் துளை விழவில்லை. நெம்புகோலைத் தள்ளியபோது துள்ளி விழுந்த பித்தளைக் கோதை நினைவுப்பொருளாகத் தந்தார். கட்டுநாயக்காவிலே எம் பொதியைத் துருவும் அலுவலரை எண்ணி, அதனை அங்கேயே விட்டுவந்தோம்.

புறப்படுதற்கு முதல்நாள் நண்பரின் மனைவியார் சமையலறையில் எம்மிடங் கூறினார்: “கையெழுத்து வைச்சது நான்தான், அண்ணை. ஆனால் அந்த அலுமாரியைக் கடந்துதான் நான் ஒவ்வொரு இரவும் படுக்கப் போறன். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். விக்கச் சொல்லுங்கோ.” அவர் தமையனார் ஒருவர் எவ்வாறு இறந்தார் என்பதை யாம் அறிவோம், நண்பரும் அறிவார்.

விற்கும்படி யாம் சொல்லவில்லை. பேரனாரின் பட்டுத்துணியைக் கேட்டபின் அதற்கு நா எழவில்லை. ஆனால் அப்பெட்டகம் அவ்விடத்தில் நிற்றல் தகாதென்று இருவர் முன்னிலையிலுங் கூறினோம். நண்பர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின் எழுந்து, துவக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, “வா, ஒரு பக்கம் பிடி,” என்றார். யாம் இருவரும் அவ்விரும்புப் பெட்டகத்தைப் படிபடியாக நிலவறைக்கு இறக்கினோம். அங்கே அதனைச் சுவரோடு பூட்டி, துவக்கை உள்ளே வைத்து அடைத்தபின், அவர் மனைவியார் இறங்கிவந்து கைபிடியைத் தாமே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். யாம் உறங்கப் போனபின்பும், திறப்பை எங்கே வைப்பதென்று அவ்விருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.