மூன்றாவது டக்

லேத் சக்கில் அது மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டு இரும்புச் சட்டிகளை வாயோடு வாய் சேர்த்துப் பற்றவைத்தது போன்ற உருண்டை. அந்தப் பற்றின் மேல் டூலைக் கொண்டுபோய் நிறுத்தினார் லேத்துக்காரர். மெல்லிய இரும்புச் சுருள்கள் சுருண்டு விழுந்தன. பற்று முழுதும் அறுந்ததும், மரச்சுத்தியலால் ஒரே தட்டு. உருண்டை இரண்டாகப் பிரிந்தது. தீய்ந்த எண்ணெயின் நெடி மூக்கில் ஏறியது.

“கருகுன வாசம் வருதுங்களா தம்பி? இது ஒரு நாள்ல வந்ததில்லீங்க. ரெண்டு மூணு வருஷத்து வாசம்” என்றார் பக்கத்தில் நின்ற மெக்கானிக் அண்ணன்.

என் காரின் டார்க் கன்வெர்ட்டர் அது. கோவை கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அவருடைய பட்டறை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் செய்கிறார். அவருக்கு அறுபது வயதிருக்கும். உடன் இரண்டு இளைஞர்கள். லேத் வேலை நாலு கடை தள்ளி.

மனைவிக்கு இடது முழங்காலில் அறுவை நடந்த பிறகு, கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்பதற்காகவே பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினோம். மூன்றாம் வருடம் அது உதற ஆரம்பித்தது. அறுபது, அறுபத்தைந்து வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி போனால், வேகத்தடைக் கோடுகள் மேல் ஏறியது போல ஒரு நடுக்கம். சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை அப்படியே மாற்ற வேண்டும், இரண்டே கால் லட்சம் ஆகும் என்றார்கள். கன்வெர்ட்டர் சீல் செய்யப்பட்ட பொருள், அதைத் திறக்க முடியாது என்றார்கள். அந்தக் காரின் அன்றைய விலையில் பாதிக்கும் மேல் அந்தத் தொகை. டாக்ஸி ஓட்டும் நண்பர்தான் இந்தப் பட்டறைக்கு வழி சொன்னார்.

அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. “ஏறுங்க, ஓட்டிப் பாத்துட்டு வந்துரலாம்” என்றார். சரவணம்பட்டி தாண்டி, ரோடு கொஞ்சம் காலியானதும் உதறல் வந்தது. அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினார். உதறல் நின்றது. காலை எடுத்தார். சிறிது நேரத்தில் திரும்ப வந்தது. மூன்று முறை செய்து காட்டினார். “இஞ்சின் உதறுனா பிரேக்கைத் தொட்டா நிக்காதுங்க. பிரேக் சிக்னல் போனதும் கன்வெர்ட்டர் லாக்கை விட்டுருது. லாக் விட்டா உதறல் நிக்குதுன்னா, நோவு எங்கன்னு தெரிஞ்சு போச்சுல்லீங்க?”

அந்த லாக் என்ன என்பதைத் திறந்து வைத்த பாதிகளைக் காட்டித்தான் எனக்குப் புரியவைத்தார். மோர் கடையும்போது மத்தோடு சேர்ந்து பானையும் சுழலப் பார்க்கும். அதனால்தான் பானையை யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். மத்துக்கும் பானைக்கும் நடுவே இருப்பது மோர் மட்டுமே. கன்வெர்ட்டருக்குள்ளும் அதுதான் நடக்கிறது. இஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு பாதி, தன் இதழ்களால் எண்ணெயை வீசியடிக்கிறது. எதிரில் இருக்கும் இன்னொரு இதழ்ச் சக்கரம் அந்த அடியை வாங்கிச் சுழன்று கியர்பாக்ஸைத் திருப்புகிறது. இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. அதனால்தான் சிக்னலில் கியரில் வைத்தபடியே பிரேக் மிதித்து நின்றாலும் இஞ்சின் அணைவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு மூன்றாவது சக்கரம், ஸ்டேட்டர். வயலில் மடையைத் திருப்பிவிடுவது போல, திரும்பி வரும் எண்ணெயை அது மடக்கி, முதல் சக்கரத்துக்கு உதவும் திசையில் அனுப்புகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இஞ்சினின் முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காவது இதனால்தான். ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905இல் இந்தக் கன்வெர்ட்டருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் அப்போது யோசித்தது காருக்காக அல்ல. கப்பலின் நீராவி டர்பைனையும் விசிறியையும் இணைப்பதற்காக. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1948 மாடல் கார்களில் இதை வைத்தது.

எண்ணெய் வழியாகப் போகும் விசையில் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் உண்டு. வழுக்கினால் சூடு, சூட்டில் பெட்ரோல் வீண். அதனால் வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் உள்ளே ஒரு தட்டு நகர்ந்து வெளிச்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இதுதான் லாக்-அப் கிளட்ச். அந்தத் தட்டில் காகிதம் போன்ற மெல்லிய லைனிங் வளையம் ஒட்டியிருக்கும். என் காரின் வளையத்தை அண்ணன் விரலால் தடவிக் காட்டினார். ஒரு பக்கம் கண்ணாடி போல் பளபளத்தது. இன்னொரு பக்கம் கருகி உதிர்ந்து, அடியிலிருந்த இரும்பு தெரிந்தது. பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கியதுதான் அந்த உதறல்.

ஸ்டேட்டரின் நடு வளையத்தில் விரலை விட்டுத் திருப்பச் சொன்னார். ஒரு பக்கம் வழுவழுவென்று சுழன்றது. எதிர்ப்பக்கம் அசையவில்லை. “இது நல்லா இருக்குதுங்க. ரெண்டு பக்கமும் சுத்துனா வண்டி கிளம்பத் திணறும். ரெண்டு பக்கமும் இறுகிப்போனா கிளம்பறது நல்லாக் கிளம்பும், ஹைவேல போகப் போகச் சூடேறிரும்.” பேரிங்குகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றை மட்டும் தனியே ஒதுக்கினார்.

“மலைக்கு அடிக்கடி போவீங்களா?” என்று கேட்டார். மனைவியின் அக்கா வீடு வால்பாறையில். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். மெதுவாக ஏறும்போது லாக் விழாது. வழி நெடுக எண்ணெய்தான் இழுக்கிறது, எண்ணெய்தான் வேகிறது. இயல்பான சூட்டுக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் புழங்கும் வாய்பாடு. எங்கள் கையில் இருந்த மூன்று வருடத்தில் ஒரு முறைகூட நான் கியர் ஆயிலை மாற்றவில்லை. ஆட்டோமேட்டிக் ஆயில் வண்டியின் ஆயுள் வரைக்கும் வரும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன்.

லைனிங் வளையம் கூரியரில் வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முழுநாளும் அங்கேயே இருந்தேன். பழைய லைனிங்கைச் சுரண்டி, தட்டைச் சமப்படுத்தி, புது வளையத்தை வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டினார்கள். பேரிங், சீல், ஓ-ரிங் மாற்றினார்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பற்றவைக்கும் முன் லேத்துக்காரர் டயல் கேஜை வைத்துச் சுழற்றிப் பார்த்தார். முள் கொஞ்சம் ஆடியது. கழற்றித் திரும்பப் பொருத்தினார். முள் அடங்க முக்கால் மணி நேரம் ஆனது. இந்தக் கூடு இஞ்சினோடு சேர்ந்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் பொருள். துளி கோணினாலும் சீல் கெட்டுப்போகும், பம்ப் புஷ் தேயும். பற்றவைத்த பிறகு காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். ஒரு குமிழியும் வரவில்லை. அப்புறம் பேலன்ஸ் பார்த்தார்கள்.

இந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லாரிப் பட்டறையில் தொடங்கியவர். முதலில் அறுத்த இரண்டு கன்வெர்ட்டர்கள் வீணாய்ப் போயின என்றும், அவற்றின் விலையைத் தன் கைப்பணத்தில் கொடுத்ததாகவும் சொன்னார். முன்கை முழுக்கச் சூடான எண்ணெய் பட்ட தழும்புகள். மூத்த இளைஞர் டிப்ளமோ படித்தவர். ஸ்கேனரில் வரும் எண்களை அவர் படித்துச் சொல்ல, அண்ணன் கழற்றிய பொருளில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்.

பில்லை வரி வரியாக எழுதிக் கொடுத்தார். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றக் கூலி 15,000. கன்வெர்ட்டர் வேலை 18,000. ஆயில், ஃபில்டர் 12,000. சீல், புஷ் 4,500. மொத்தம் 49,500 ரூபாய். எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு வராது என்பதையும் சொன்னார். உதறலோடு இன்னும் ஆறு மாதம் ஓட்டியிருந்தால், உதிர்ந்த லைனிங் தூள் வால்வுகளின் நுண்ணிய வழிகளில் போய் அடைத்திருக்கும். அப்போது முழு கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டியிருக்கும். செலவு லட்சத்தைத் தாண்டும். ஆயிலில் ரேடியேட்டர் தண்ணீர் கலந்து பால் போல ஆகிவிட்டாலும் அதே கதிதான். மறுபக்கம், உதறலை ஆரம்பத்திலேயே கவனித்தால், சில வண்டிகளில் சரியான ஆயிலை மாற்றுவதோடு அது தீர்ந்துவிடுவதும் உண்டு.

எனக்குக் கிடைத்தது மிச்சமான பணம் மட்டுமல்ல, ஒரு பாடமும்தான். மாற்றிவிடுங்கள் என்று சொல்வது எவருக்கும் எளிது. திறந்து, எங்கே கெட்டிருக்கிறது என்று உடையவனின் விரலை வைத்துக் காட்டுவதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும், நேர்மையும் வேண்டும். பெரிய தொகை ஒன்றைக் கேட்டால், கெட்டுப்போன பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. காட்டத் தயங்காத கைகளைத் தேடிப் போவது நம் பொறுப்பு.

அந்த ஐந்தாம் நாள் மாலையில் கன்வெர்ட்டரை கியர்பாக்ஸில் ஏற்றினார்கள். எண்ணெய் ஊற்றிய பாரத்தோடு இளையவர் அதைத் தூக்கி ஷாஃப்டில் செருகி, மெல்லத் திருப்பினார். டக். இன்னும் கொஞ்சம் திருப்பினார். டக். நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. “இன்னொண்ணு இருக்குது கண்ணு” என்றார் அண்ணன். முதலாவது கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பல், இரண்டாவது ஸ்டேட்டரின் பல், மூன்றாவது எண்ணெய் பம்ப். அது உட்காராமல் இஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும். இத்தனை நாள் வேலையும் ஒரு நொடியில் போகும். இளையவர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் அழுத்தியபடி திருப்பினார். லேத் சத்தம் ஓய்ந்திருந்தது. பட்டறையில் யாரும் பேசவில்லை.

டக்.

அண்ணன் ஸ்கேலை வைத்து இடைவெளியை அளந்து பார்த்துத் தலையசைத்தார். இளையவர் கண்ணைத் திறந்து, கையைத் துடைத்துக்கொண்டு போல்ட்டுகளை எடுக்கப் போனார்.