பெட்டி இல்லாத பிரயாணம்



வளைகுடா நாடுகளில் இருபது, முப்பது வருஷங்கள் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பிய தம்பதியர் இன்று நம் நகரச் சபைகளில் அநேகர் உண்டு. பிள்ளைகள் பெங்களூரிலோ, புனேயிலோ, மும்பையிலோ வேலை செய்வதால் இவர்களும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். கடன் தீர்ந்துவிட்டது, பிள்ளைகளின் விவாகமும் முடிந்துவிட்டது. கையில் கொஞ்சம் பணமும், வாழ்நாளில் முதன்முறையாக ஏராளமான நேரமும் இருக்கின்றன. சரீரத்திலோ இரத்த அழுத்தமும் சர்க்கரையும் குடியேறியிருக்கின்றன. இனி இந்த நேரத்தையும் பெலனையும் எதற்குச் செலவிடுவது என்பதே இவர்களுக்கு முன்பாக நிற்கும் கேள்வி.

பெங்களூரில் வாழும் ஒரு தம்பதியரின் அனுபவத்தை, அவர்களுடைய அனுமதியோடு, இங்கே எழுதுகிறேன். சகோதரர் 1992ஆம் ஆண்டில் குவைத்துக்குச் சென்றார். சகோதரி அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணி செய்தார். 2018இல் இருவரும் திரும்பி வந்தார்கள். வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை என்பதால், அன்றுதான் ஆராதனை. குவைத் நகரிலுள்ள தேசிய சுவிசேஷ சபை வளாகத்தில் பல மொழிச் சபைகள் கூடுவதை அங்கே வாழ்ந்த நம்மவர்கள் அறிவார்கள். ஆவிக்குரிய ஐக்கியத்துக்கு அவர்களுக்குக் குறைவில்லை. நடப்பதற்குத்தான் வழியில்லாதிருந்தது. குவைத்தின் மித்ரிபா என்னும் இடத்தில் 2016 ஜூலை 21ஆம் தேதி பதிவான வெப்பம் 53.9 டிகிரி செல்சியஸ். அப்படிப்பட்ட கோடைகாலத்தில் வீட்டிலிருந்து காருக்கும், காரிலிருந்து வேலைக்கும் போவதே நடை. இரவுப் பணி, நேரம் தவறிய உணவு, குளிரூட்டிய அறை என்றே வருஷங்கள் ஓடின. ஆயிரமாயிரம் பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்த சகோதரி தம்முடையதைப் பார்த்துக்கொள்ளவில்லை.

ஊருக்கு வருவதும் அந்நாட்களில் ஒரு வேலையாகவே இருந்தது. முப்பது நாள் விடுமுறை. பெரிய பெட்டிகளில் சோப்பு, பால்மாவு, தைலம், துணி, டார்ச் விளக்கு எல்லாம் வரும். யாருக்கு எது என்று பட்டியல் எழுதப்பட்டிருக்கும். ஒரு நாளில் எட்டு வீடுகள். வீட்டுக்குப் பத்து நிமிஷம். காப்பி, ஜெபம், அன்பளிப்பு, அடுத்த வீடு. பெட்டி காலியானதும் விடுமுறையும் முடிந்துவிடும். வாசகர்களில் பலர் இதைத் தங்கள் சொந்தக் கதையாகவே வாசிப்பீர்கள் என்று அறிவேன்.

திரும்பி வந்த பிறகு முதலாவது அவர்களைச் சந்தித்தது மருத்துவரின் அறிக்கை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு இருவருக்குமே மிகுந்திருந்தது. இது அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. மருத்துவர் மாத்திரையோடு நடையையும் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று கணக்கிட்டால் அது எவருக்கும் எட்டாததல்ல.

அவர்கள் லால்பாக் தோட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய அத்தோட்டம் இன்று சுமார் 240 ஏக்கர் பரப்புள்ளது. அதிகாலையில் பெரிய மரங்களின் நிழலில் தொடங்கி, 1889இல் எழுந்த கண்ணாடி மாளிகையைச் சுற்றி, ஏரிக்கரை வரை நடப்பார்கள். போகும்போது பேச்சு, வரும்போது மௌன ஜெபம். ஆறு மாதத்தில் சர்க்கரையின் அளவு இறங்கியது. அதைவிட முக்கியமாக, இருபத்தாறு வருஷங்கள் வெவ்வேறு பணி நேரங்களில் வாழ்ந்த கணவனும் மனைவியும் அங்கேதான் ஒருவரோடொருவர் நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

சரீரத்தைப் பேணுவது ஆவிக்குரிய காரியமல்ல என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாகும்படி விரும்பிப் படுத்திருந்தபோது, தேவதூதன் அவரிடம் நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் போஜனம் கொடுத்தான். காரணம், அவர் போகவேண்டிய தூரம் மிகுதியாயிருந்தது (1 இராஜாக்கள் 19). ஆகாரமும் இளைப்பாறுதலும் அங்கே ஒரு பிரயாணத்துக்காகக் கொடுக்கப்பட்டன. நமக்கும் சுகம் கொடுக்கப்படுவது கண்ணாடியில் பார்த்து மகிழ்வதற்காக அல்ல. யாரிடத்திற்கோ நாம் போகவேண்டியிருக்கிறது.

இந்தத் தம்பதியருக்குப் போகவேண்டிய இடம் தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர். சகோதரருடைய அக்கா அங்கே இருக்கிறார். அவர்களுடைய தாயார் 2007இல் மரித்தபோது சகோதரருக்கு விடுமுறை கிடைக்கத் தாமதமாயிற்று. அவர் வந்து சேர்ந்தது அடக்கம் முடிந்த மூன்றாம் நாள். அதற்கு முந்தின நான்கு வருஷமும் படுக்கையிலிருந்த தாயைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. பணம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அக்காவின் பேச்சு மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. விடுமுறையில் போனால் காப்பி கிடைக்கும், உட்காரச் சொல்லுவார், அதற்குமேல் வார்த்தையில்லை.

2019இல் அவர்கள் புறப்பட்டார்கள். இம்முறை பெரிய பெட்டி இல்லை. தோளில் ஒரு பை மாத்திரம். மாலையில் பெங்களூரிலிருந்து புறப்படும் நாகர்கோவில் விரைவு வண்டி ஓசூர், சேலம், கரூர், மதுரை வழியாக இரவெல்லாம் ஓடி, விடியும் நேரத்தில் திருநெல்வேலியை அடைகிறது. அங்கிருந்து திருச்செந்தூர் செல்லும் பாதையில் நாசரேத்து நிலையத்தில் இறங்கினார்கள். தாமிரபரணிப் பாசனத்தின் வாழையும் நெல்லும் முடிந்து, செம்மணல் தேரியும் பனைமரங்களும் தொடங்கும் நிலம் அது. மெஞ்ஞானபுரத்தை நெருங்கும்போது ஆலயத்தின் ஊசிக்கோபுரம் பனைகளுக்கு மேலாகத் தெரியும். 1838இல் வந்து, 1870இல் மரிக்கும் மட்டும் ஊழியம் செய்த ஜாண் தாமஸ் ஐயருடைய பிரயாசம் அது. நம்மில் அநேகருடைய முன்னோர் வேத எழுத்தை முதலில் கற்றது இப்படிப்பட்ட ஊர்களில்தான்.

அவர்கள் அக்காவின் வீட்டில் பத்து நிமிஷமல்ல, பத்து நாள் தங்கினார்கள். முதல் மூன்று நாள் பேச்சு சமையலையும் மழையையும் தாண்டவில்லை. சகோதரி அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். சகோதரர் அக்காவோடு கடைக்கும், ஆலயத்துக்கும், கல்லறைத் தோட்டத்துக்கும் நடந்தார். நான்காம் நாள் தாயின் கல்லறையண்டை அக்கா வாய் திறந்தார்: "தம்பி, நீ அனுப்பின பணத்துக்கு என்கிட்ட நோட்டுப் போட்டுக் கணக்கு இருக்கு. நான் முழிச்சிருந்த ராத்திரிக்குக் கணக்கு யாருகிட்ட இருக்கு?"

சகோதரர் பதில் சொல்லவில்லை. விடுமுறை கிடைக்காத கதையை எடுத்துப் பேசவுமில்லை. "எனக்குத் தெரியலக்கா, மன்னிச்சிரு" என்று மாத்திரம் சொன்னார். பிறகு அந்த நான்கு வருஷத்தையும் அக்கா சொல்லச் சொல்ல, இரண்டு நாளாக உட்கார்ந்து கேட்டார். தாயார் கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்தப் பாட்டைப் பாடச் சொன்னார், யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் பன்னிரண்டு வருஷம் கழித்து அப்பொழுதுதான் அவருக்குத் தெரியவந்தது. குவைத்துப் பணத்தில் கட்டிப் பூட்டியே கிடந்த வீட்டின் சாவியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். இப்பொழுது அக்கா அதில்தான் குடியிருக்கிறார். வருஷத்தில் ஒரு மாதம் பெங்களூருக்கும் வந்துபோகிறார். எல்லாம் சீர்ப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. சகோதரருடைய தம்பி ஒருவர் இன்னும் பேசுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் அவர் வாசலுக்கும் இவர்கள் போய்வருகிறார்கள்.

மரியாள் மலைநாட்டிலுள்ள எலிசபெத்தின் வீட்டுக்குப் போனபோது ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்தாள் என்று லூக்கா எழுதுகிறார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு, கொரிந்துவிலும் எபேசுவிலும் குடியிருந்து, மறுபடியும் ரோமாபுரிக்குத் திரும்பிய தம்பதியர். கூடாரத் தொழிலோடு ஊர் ஊராய்ப் போன அவர்களை வேதம் ஒருபோதும் தனித்தனியே குறிப்பிடுவதில்லை. பிரியமானவர்களே, நீங்களும் பல தேசங்களைக் கண்டவர்கள். இனி உங்கள் பிரயாணம் உறவுகளின் வாசல்களை நோக்கியதாயிருக்கட்டும். அங்கே தங்குவதற்குப் போதுமான நாட்களோடு போங்கள்.

இவ்விதப் பிரயாணத்துக்குச் சில நடைமுறைக் காரியங்களையும் சொல்லவேண்டும். இரயிலில் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ இருவராகவோ பயணச்சீட்டு எடுக்கும்போது அதைக் கேட்டுப் பெறுங்கள். முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்பதை மனதிற்கொண்டு செலவைத் திட்டமிடுங்கள். இரவுப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, 2024 ஆகஸ்டு 31இல் தொடங்கப்பட்ட மதுரை–பெங்களூர் வந்தே பாரத் வண்டி உதவும். மதுரையில் ஓரிரவு தங்கிச் செல்லலாம். மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்காராமல் அவ்வப்போது எழுந்து நடங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். மருந்துச்சீட்டின் நகலும் இருக்கட்டும். இன்சுலின் வெயிலில் காயவும் கூடாது, பனிக்கட்டியில் உறையவும் கூடாது.

உறவினர் வீட்டு உபசாரம் அடுத்த சோதனை. எட்டு வீட்டில் எட்டுச் சர்க்கரைக் காப்பி குடித்தால் ஆறு மாத நடை வீணாகும். கருப்பட்டி இயற்கையானது, ஆகையால் கெடுதியில்லை என்று அன்போடு சொல்லுவார்கள். கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும், பதநீரும் அப்படியே. மறுக்கும்போது முகம் கோணாமல், "காப்பி வேண்டாம் மதினி, ரெண்டு நுங்கு வெட்டித் தாங்க, உட்கார்ந்து பேசிக்கிட்டே சாப்பிடுறோம்" என்று சொல்லுங்கள். இளநுங்கும் இரண்டோடு நிற்கட்டும். நீங்கள் உட்கார்ந்து பேசினால் காப்பி குடிக்காததை யாரும் குறையாக எண்ணமாட்டார்கள்.

உபவாச ஜெபத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவேண்டாம். சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளமல்ல. சுகமளிக்கும் கர்த்தரை விசுவாசித்த பவுலின் அருகிலேயே பிரியமான வைத்தியனாகிய லூக்கா இருந்தார்.

நடக்கவே முடியாதவர்கள் இதை வாசித்து மனமடியவேண்டாம். வள்ளியூருக்கு அருகே, மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது அங்கேயும் ஒருமுறை போய்வாருங்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்து, ஒருமுறையும் தாயகம் திரும்பாத ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே ஊழியம் செய்தார். 1931இல் கீழே விழுந்து காயப்பட்ட பிறகு, 1951இல் மரிக்கும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் அவர் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அந்த அறையிலிருந்தே புத்தகங்களையும் கடிதங்களையும் எழுதினார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாமென்று சொல்லியிருந்ததால், பறவைகள் நீரருந்தும் ஒரு தொட்டிதான் அங்கே இருக்கிறது. அதில் பொறிக்கப்பட்ட பெயர் 'அம்மா'. நடக்கக் கூடாதவர்களுக்குத் தொலைபேசி உண்டு. ஒரு கடிதமும் ஒரு பிரயாணமே.

ஆகையால், இந்த மாதத்தில் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று பெயர்களை எழுதுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருந்தபோது உங்கள் கடமையை உங்களுக்குப் பதிலாகச் சுமந்தவர்கள் யார்? தாயைப் பார்த்த அக்கா, நிலத்தைப் பார்த்த தம்பி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்த சித்தி. அவர்கள் உயிரோடிருக்கும்போதே போங்கள். துக்கவீட்டுக்கு எடுக்கும் பயணச்சீட்டை இன்றே எடுத்தால், அவர்களோடு பேசவும் முடியும். நாளைக் காலையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். போகவேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

உங்கள் சரீரத்துக்குச் சுகத்தையும், உங்கள் குடும்பங்களுக்குச் சமாதானத்தையும், வழியெல்லாம் தம்முடைய பாதுகாப்பையும் கர்த்தர் தாமே கட்டளையிடுவாராக. ஆமென்.